காரணிப்படுத்தக் கற்றுக்கொள்

அன்புள்ள கவினுக்கு,

அத்தை எழுதுவது. துல்லியமாகத் தீர்க்கக்கூடிய குவாண்டம் அமைப்புகளை எம்.எஸ்சி. ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள், கணினி நொடியில் விடை தரும்போது இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான். என் பதில் இது: கணினி உனக்கு எண்களைத் தரும். அந்த எண்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதை இயற்கணிதம்தான் சொல்லும்.

1926இல் ஷ்ரோடிங்கர் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்து ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் மட்டங்களைக் கண்டார். அதே ஆண்டு பாவுலி, செயலிகளின் பெருக்கல் விதிகளை வைத்தே அதே விடையை அடைந்தார். 1940இல், டப்ளினில் இருந்தபோது, ஷ்ரோடிங்கரே தன் சமன்பாட்டுக்கு ஓர் இயற்கணித வழியை எழுதினார். ஆற்றல் செயலியை இரண்டு காரணிகளாகப் பிரிப்பதுதான் அந்த வழி.

பள்ளியில் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தினாயே, ஏறக்குறைய அதே வேலைதான். அங்கே காரணிகளை இடம் மாற்றிப் பெருக்கினாலும் விடை மாறாது. இங்கே மாறும், இணை எனப்படும் ஒரு புதிய அமைப்பே கிடைக்கும். பழைய அமைப்பின் அடிமட்டம் ஒன்று மட்டும் அதில் இருக்காது, மற்ற மட்டங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ஒன்றைத் தீர்த்தால் மற்றதும் தீர்ந்த மாதிரி.

தாளும் பேனாவும் எடுத்துக்கொள். மாறிலிகளைத் தொல்லை தராத அலகில் வைத்துவிடு. காரணிகளில் வரும் சார்பாக எக்ஸின் ஹைப்பர்பாலிக் டேன்ஜென்ட்டை எழுது. அதன் வர்க்கத்தோடு அதன் வகைக்கெழுவைக் கூட்டு. ஒரு வரிசையில் பெருக்கினால் வரும் நிலையாற்றல் அதுதான், விடை வெறும் 1. எந்த விசையும் இல்லாத, தடையின்றி ஓடும் துகளின் கணக்கு அது. அதன் தீர்வு எல்லோருக்கும் தெரியும். இப்போது காரணிகளை இடம் மாற்று, அதாவது கூட்டுவதற்குப் பதிலாகக் கழி. 1இலிருந்து ஹைப்பர்பாலிக் சீகன்ட் வர்க்கத்தின் இரு மடங்கைக் கழித்த நிலையாற்றல் வரும். வரைந்து பார், நடுவில் ஒரு பள்ளம் தெரியும். இந்தப் பள்ளத்தில் சிறைப்பட்ட நிலை ஒன்றே ஒன்றுதான், அதன் ஆற்றல் சுழி. மேலே செல்லும் எந்த அலையும் துளியும் எதிரொளிக்காமல் கடந்துவிடும். சாதாரணமாகப் பள்ளத்தின் மேல் போகும் குவாண்டம் அலையில் ஒரு பகுதி திரும்பி வரும். இங்கே வராததற்குக் காரணம், இதன் இணை வெற்றுவெளி என்பதே. கணினி எதிரொளிப்பு சுழி என்று காட்டும். காரணத்தை இந்த இரண்டு வரிக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதில்தான் உன் ஆய்வின் உயிர் இருக்கிறது. கொடுத்த கணக்கைத் தீர்ப்பது ஒரு திறமை. தீர்வுள்ள கணக்கை நீயே கட்டி எழுப்புவது அதனினும் பெரிய திறமை. இணையின் வடிவம் மாறாமல் அளவுரு மட்டும் மாறினால், அதே படியை மீண்டும் மீண்டும் ஏறி எல்லா மட்டங்களையும் எழுதிவிடலாம் என்று 1983இல் கெண்டன்ஷ்டைன் காட்டினார். ஹைட்ரஜன் அணுவும், மூலக்கூறுகளின் அதிர்வுக்காக 1929இல் மோர்ஸ் தந்த நிலையாற்றலும் இந்த ஒரே விதிக்குள் அடங்குகின்றன.

மூன்று விஷயங்களை மனதில் வை. அடிமட்ட அலைச்சார்பு இரு பக்கமும் சுழியை நோக்கி இறங்குகிறதா என்று முதலில் பார். இறங்காவிட்டால், அடிமட்டம் பற்றி மேலே சொன்னது பொருந்தாது. பழைய கட்டுரைகளை ஒதுக்காதே. ஓர் அமைப்பை அதன் இணையாக்கும் இந்த உருமாற்றத்தின் கணிதத்தை டார்பூ 1882இலேயே எழுதிவிட்டார், குவாண்டம் இயக்கவியல் பிறக்கும் முன்பே. மூன்றாவது, இயற்கை தரும் கணக்குகளில் பெரும்பாலானவை இப்படித் தீராதவை. அவற்றைத் தோராயமாக அணுகும்போது தொடங்கும் இடமும், நீ எழுதும் நிரல் சரியா என்று உரைத்துப் பார்க்கும் கல்லும் தீர்ந்த இந்தச் சில கணக்குகள்தாம். அதனால் கணினியை விட்டுவிடாதே. இரண்டையும் கைவசம் வைத்துக்கொள்.

அடுத்த வேலை: அந்த டேன்ஜென்ட்டை 2ஆல் பெருக்கிவிட்டு முழுவதையும் மறுபடி செய். சிறைப்பட்ட நிலைகள் இரண்டு வரவேண்டும், ஆற்றல்கள் 0, 3. விடையைச் சொல்லிவிட்டேன், அங்கே போய்ச் சேர்ந்த வழியை நீ எழுதி அனுப்பு. அதுவே உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமாக அமையும்.

அன்புடன்,
அத்தை