கட்டைவிரல் துடிக்கும் இடம்

மனநலப் பிரிவில் டிஎம்எஸ் மெஷின் இயக்குவது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் நாற்காலியைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "கரண்ட் வைப்பீங்களா?"

இல்லை. கரண்ட் வைப்பது என்று ஊரில் சொல்வது ஈசிடியை. அதில் மயக்க மருந்து கொடுத்து, மின்சாரம் செலுத்தி, வலிப்பை வரவழைப்பார்கள். டிஎம்எஸ்ஸில் மயக்கம் கிடையாது. தலைமேல் வைக்கும் காயிலில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப்போய், அடியிலுள்ள நரம்பணுக்களைத் தூண்டும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் குழுவினரும் செய்துகாட்டிய முறை. மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி தந்தது. இதற்காக ஈசிடியை மட்டமாக நினைக்காதீர்கள். சாப்பாட்டையே நிறுத்திவிட்டவருக்கும், சாகும் எண்ணம் முற்றியவருக்கும் அதுதான் சீக்கிரம் கைகொடுக்கும். அவர்களை என் நாற்காலியில் உட்காரவைத்து வாரக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

முதல் நாள் அளவெடுக்கவே நேரம் போகும். காயிலை மெல்ல நகர்த்தி, வலது கட்டைவிரல் தானாகத் துடிக்கும் இடத்தைத் தேடுவோம். எந்தக் குறைந்த வலிமையில் பத்துக்கு ஐந்து தடவை துடிக்கிறதோ, அதுதான் உங்கள் அளவு. பிறகு காயிலை இடது முன்மூளைப் பக்கம் கொண்டுபோய், பெரும்பாலும் அந்த அளவில் 120 சதவீதம் கொடுப்போம். கையை இறுக்கி வைத்துக்கொண்டால் அளவு தப்பும். மடியில் தளர்வாகப் போட்டுவிடுங்கள்.

நான் தினமும் "நேத்து தூங்கினீங்களா?" என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிஎம்எஸ்ஸில் வலிப்பு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் ராத்தூக்கம் கெட்டவர், நெடுநாள் குடித்துத் திடீரென நிறுத்தியவர், க்ளோனாசிபாம் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்தியவர் ஆகியோரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒருமுறை ஓர் அண்ணாச்சி, மனைவி டீ வாங்கப் போன நேரம் பார்த்து, "தம்பி, ராத்திரி கொஞ்சம் போட்டுக்கிட்டேன்" என்றார். டாக்டரைக் கேட்டு அன்றைய செஷனைத் தள்ளிவைத்தோம். வீட்டார் எதிரில் சொல்லக் கூச்சமென்றால் எனக்குக் கண்ணைக் காட்டுங்கள், அவர்களை வெளியே அனுப்புவது என் பொறுப்பு.

தோடு, ஹேர்பின், செல்போன் எல்லாம் அறைக்கு வெளியே. அவற்றைக் கழற்றிவிடலாம், உடம்புக்குள் இருப்பதுதான் கவலை. காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், பேஸ்மேக்கர் எதுவானாலும் முன்பே சொல்லுங்கள். வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் எப்போதோ கண்ணில் தெறித்த இரும்புத்தூளை மறந்திருப்பார்கள், அதையும்தான்.

செஷனில் மரங்கொத்தி கொத்துவதுபோல் சத்தம் வரும். காதில் அடைப்பான் வைத்தே ஆக வேண்டும். முதல் வாரம் காயில் வைத்த இடத்தில் தலை வலிக்கும், தாடை துடிக்கும், போகப்போகப் பழகும். 2018இல் லான்செட் இதழில் வந்த கனடா ஆய்வில், 3 நிமிடத் தீட்டா பர்ஸ்ட் முறை பழைய முப்பத்தேழரை நிமிட முறைக்குச் சளைத்ததில்லை என்று தெரிந்தது. மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு காசா என்று சண்டைபிடிப்பவர்களும் உண்டு.

நேரம் குறைந்தாலும் அலைச்சல் குறையாது. வாரம் ஐந்து நாள், நாலிலிருந்து ஆறு வாரம். இரண்டாம் வாரக் கடைசியில் "ஒண்ணும் தெரியலையே" என்று நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பலருக்கு அதற்குப் பிறகுதான் பலன் தெரியவரும். அதையும் முதலில் கவனிப்பது வீட்டார்தான். "இன்னைக்கு அவளா காபி போட்டுக் குடிச்சா" என்று ஓர் அம்மா சொன்னார். அந்தப் பெண்ணோ தனக்கு எதுவும் மாறவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் பலிப்பதில்லை என்பதும் உண்மை. மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நடுவில் மனம் மோசமானால் அடுத்த செஷன்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

மனச்சோர்வுக்கு மட்டுமல்லாமல், பக்கவாதத்தில் விழுந்த கைக்கும் சில இடங்களில் டிஎம்எஸ் செய்கிறார்கள். பிசியோதெரபியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்வது வீண்செலவு.

முடித்துக் கிளம்பும்போது பில்லோடு திருப்திப்படாமல், காயில் வைத்த இடம், உங்கள் அளவு, எந்த முறை, எத்தனை செஷன் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித்தரச் சொல்லுங்கள். நோய் திரும்பி வேறு ஊரில் வேறு மெஷினில் உட்கார நேர்ந்தால், அங்கே அளவு மறுபடி எடுப்பார்கள்தான். ஆனால் உங்களுக்கு முன்பு எது வேலை செய்தது என்பது அந்தத் தாளில் இருக்கும்.