அவை ஓவியங்களில் படைத்தலைவர்கள்

போரில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்தது தமிழர் மரபு. முகலாயப் பேரவையோ, உயிரோடு நின்ற தளபதியின் முகத்தையே தாளில் எழுதிவைத்தது. அக்பர் தம் உருவை வரையத் தாமே அமர்ந்ததோடு, அவைப் பெருமக்கள் அனைவரின் உருவங்களையும் வரையச் செய்து பெருந்தொகுப்பாக்கினார் என அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் குறித்துள்ளார்.

இவ்வோவியங்களுக்கெனச் சில நெறிகள் உண்டு. முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் அமையும். பின்புலத்தில் ஆரவாரம் இராது. இடைக்கச்சு, உடைவாள், கைகளின் நிலை ஆகியவையே தகுதியை உணர்த்தும். சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை.

இவ்வகையில் நாம் சற்று நின்று நோக்கத்தக்கவர் மாலிக் அம்பர். அபிசீனியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்த இவர், அகமதுநகர் நிஜாம்சாகி அரசின் தலைமை அமைச்சராகவும் படைத்தலைவராகவும் உயர்ந்தார். பின்னாளில் அவுரங்காபாத் எனப் பெயர்பெற்ற நகரை 1610ஆம் ஆண்டளவில் கட்டியவரும் இவரே. விரைந்து தாக்கி மறையும் போர்முறையால் ஜஹாங்கீரின் படைகளை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தார்.

அதே ஜஹாங்கீரின் அவையில் இவரைப் பற்றி இருவேறு ஓவியங்கள் எழுந்தன என்பதே வியப்பு. அபுல் ஹசன் வரைந்த ஒன்றில், உலகவுருண்டைமேல் நிற்கும் பேரரசர், ஈட்டியில் செருகப்பட்ட அம்பரின் தலைமீது அம்பு எய்கிறார். களத்தில் கிட்டாத வெற்றியைத் தூரிகை தந்தது! ஹாஷிம் வரைந்த மற்றொன்றிலோ, கரிய மேனியும் வெண்ணிற ஆடையுமாக முதியவர் ஒருவர் முழு மாண்புடன் நிற்கிறார். எவர் எய்தும் விழாத அம்பர், 1626இல் முதுமையால் இறந்தார். முகலாய வரலாற்றாசிரியர் முஃதமித் கானே, போர்த்திறனிலும் ஆட்சித்திறனிலும் அவருக்கு நிகரில்லை என ஒப்புக்கொண்டார். ஹாஷிமின் ஓவியமே மெய்யானது என்பது எம் துணிபு.

சீனத்தில் 1760இல் சியென்லுங் பேரரசர், மேற்றிசைப் போரில் வென்ற நூற்றுவரின் உருவங்களை எழுதுவித்துப் புகழுரையும் சேர்த்தார். ஆங்கு வென்றோர்க்கே இடம்.

திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். இச்சீமை ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் பெயரால் ஆளப்பட்டது. 1769இல் சென்னைக்கு வந்த டில்லி கெட்டிலும், பின்னர் வந்த ஜார்ஜ் வில்லிசனும் அந்நவாபை எண்ணெய் வண்ணத்தில் ஆளுயர எழுதினர். நகையும் வாளும் பொலிய, நம்மை நோக்கித் திரும்பிய முகம். பழைய பக்கவாட்டு மரபு இங்கே மறைந்தது. நவாபின் ஆட்சியை இப்பகுதியில் நிலைநிறுத்திய கமாண்டர் யூசுப்கான், பின்னர் அவரையே எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது கெட்டில் சென்னைக்கு வர இன்னும் ஐந்தாண்டுகள் இருந்தன.