கடனோடு ஒட்டிவரும் செலவுகள்

கேள்வி: முதல் கார் வாங்கப்போகிறேன். ஷோரூமிலேயே லோன். கொட்டேஷனில் இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரன்டி, லோன் பாதுகாப்பு பாலிசி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. 'இது பேக்கேஜ் சார், பிரிக்க முடியாது' என்கிறார்கள். நிஜமா?
– வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்

பதில்: பிரிக்கலாம். புதுக் காருக்குச் சட்டப்படி கட்டாயம் மூன்றாண்டு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். இது 2018 செப்டம்பர் முதல் நடைமுறை. கடன் தருபவர் முழுக் காப்பீடு கேட்பார். ஆனால் அதை அந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே விலை விசாரித்துக் காட்டினாலே பிரீமியம் இறங்குவதுண்டு.

சீட் கவரும் மேட்டும் வெளிக்கடையில் போட்டுக்கொள்ளலாம். வாரன்டியை ஆற அமர யோசித்து வாங்கலாம்.

'மாசம் எண்ணூறுதானே கூடுது' என்பார்கள். 40,000 ரூபாயைக் கடனில் சேர்த்தால், 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் சுமார் 50,400 ரூபாய் கட்டுவீர்கள். சீட் கவர் கிழிந்த பிறகும் வட்டி ஓடும்.

2024 அக்டோபர் 1 முதல், ரிசர்வ் வங்கி விதிப்படி, கடனின் முக்கிய விவரத் தாளை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். வேண்டாத வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அட்வான்ஸை மட்டும் அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள்.