கிளம்பாத கார், கிடைக்காத ஜாப் கார்டு: வாரண்டி மறுக்கப்பட்டால் வழி என்ன?

வினாச் சுருக்கம்

வேடசந்தூர் வட்டத்தில் நூற்பாலை மேற்பார்வையாளராகப் பணிபுரியும் வாசகர், திண்டுக்கல் ஷோரூம் ஒன்றில் சொந்த உபயோகத்துக்காக 7 லட்சம் ரூபாய்க்குப் புதிய கார் வாங்கினார். பதினோராம் மாதத்தில் ஒரு நாள் கார் கிளம்பவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் கொண்ட சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. தொலைபேசியில் முறையிட்டதும் ஷோரூமின் மெக்கானிக் வீட்டுக்கே வந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டிக் காரைக் கிளப்பிக் கொடுத்தார். தாள் எதுவும் தரவில்லை. இரண்டு மாதம் கழித்து வாசகர் வெளிக் கடை ஒன்றில் ரிமோட் லாக்கும் சைரனும் பொருத்தினார். அதன் பின் அதே கோளாறு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஜாப் கார்டு போடப்பட்டது. முதல் கோளாறிலிருந்து ஆறு மாதம் ஆன நிலையில், வாரண்டி காலம் முடியாதிருந்தும், வெளி ஒயரிங்கைக் காரணம் காட்டி வாரண்டியை மறுத்த ஷோரூம், பாகங்களை மாற்ற 68,000 ரூபாய் ஆகும் என்று மின்னஞ்சல் அனுப்பியது. அந்த மின்னஞ்சல் வந்து இப்போது 19 மாதங்கள் ஆகின்றன. இடையில் ஒரு சாவியும் தொலைந்துவிட்டது. புதிய கார் கேட்கலாமா, மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் தரலாமா, இம்மொபிலைசரையே வெளியில் எடுத்துவிடலாமா என்பவை வாசகரின் கேள்விகள்.

விடை

இம்மொபிலைசர் என்பது உரிய சாவி இல்லாமல் எஞ்சின் இயங்காதபடி தடுக்கும் மின்னணுத் திருட்டுத் தடுப்பு அமைப்பாகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டில் சாவியின் பல்வெட்டு பூட்டின் உட்பகுதிகளோடு பொருந்தினால் போதும். காரிலோ பல்வெட்டு பொருந்திய பிறகும், சாவியின் தலைப்பகுதியில் பதிக்கப்பட்ட சில்லு அனுப்பும் குறியீட்டை, சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் வாங்கிக் கொடுக்க, ஈசியூ எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி அதைச் சரிபார்த்து ஏற்றால்தான் எரிபொருளும் தீப்பொறியும் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட இவ்வமைப்பு, குறியீடு சரியாகச் சென்று சேராத வேளையில், சொந்தக்காரரையும் திருடரையும் பிரித்தறியாது. சில்லின் பழுது, கம்பிச்சுருளின் பழுது, பேட்டரி மின்னழுத்தக் குறைவு, எலி கடித்த ஒயர், வெளியில் பொருத்திய சைரனுக்காக வெட்டி ஒட்டப்பட்ட ஒயர் ஆகிய யாவும் வெளியே ஒரே அறிகுறியையே, அதாவது கிளம்பாத காரையும் மின்னும் விளக்கையுமே காட்டக்கூடும் என்பதால், வழக்கின் சிக்கல் முழுவதும் காரணத்தை மெய்ப்பிப்பதில் அடங்கியிருக்கிறது.

வழக்கைத் தீர்மானிக்கும் புள்ளி

வாசகர் பல செய்திகளை எழுதியிருந்தாலும், தீர்வு ஒரே கேள்வியைப் பொறுத்தது: வெளி ஒயரிங் செய்யப்படுவதற்கு முன்பே கோளாறு தோன்றியது என்பதை எழுத்துச் சான்றால் காட்ட முடியுமா? காட்ட முடிந்தால், சைரன் பொருத்தியதால்தான் கோளாறு வந்தது என்ற ஷோரூமின் வாதம் பெருமளவு வலுவிழக்கும். காட்ட முடியாவிட்டால், கைவசமுள்ள இரண்டு ஜாப் கார்டுகளும் வெளி ஒயரிங்குக்குப் பிந்தியவை என்பதால் அவை வாசகருக்கு எதிராகவே பயன்படக்கூடும். ஜாப் கார்டு என்பது வண்டியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் சொன்ன குறை, தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்யப்பட்ட வேலை ஆகியவற்றைப் பதியும் சர்வீஸ் சென்டரின் ஆவணம். வாரண்டி வழக்குகளில் அதற்கு இணையான சான்று அரிது.

ஆனால் முதல் கோளாறின் தேதி இருபுறமும் வெட்டக்கூடியது என்பதை வாசகர் கவனிக்கத் தவறியிருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 69-ஆம் பிரிவு, வழக்குமூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யப்பட வேண்டும் என்கிறது. வழக்குமூலம் என்பது வழக்கிடும் உரிமையைத் தோற்றுவிக்கும் நிகழ்வு. வாரண்டி எழுத்தில் மறுக்கப்பட்ட நாளே அந்நிகழ்வு என்று கொண்டால் வாசகருக்கு இன்னும் ஐந்து மாதங்கள் உள்ளன. முதல் கோளாறு தோன்றிய நாளே அது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் 25 மாதங்கள் கடந்து, காலவரம்பு ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆக, குறைபாட்டை மெய்ப்பிக்க எந்தத் தேதி வாசகருக்குத் தேவையோ, அதே தேதி காலவரம்பில் அவருக்கு எதிராக நிற்கிறது. முதல் முறை ஷோரூமே வந்து சரிசெய்து கொடுத்ததால் அன்று வழக்கிட வேண்டிய குறை எஞ்சவில்லை என்றும், வாரண்டி மறுக்கப்பட்ட பின்னரே உரிமை எழுந்தது என்றும் புகாரில் தெளிவாகக் கூறுவதோடு, முன்னெச்சரிக்கையாக, 69-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் தக்க காரணங்களுடன் இணைத்துத் தாக்கல் செய்வதே பாதுகாப்பான வழி. முதல் கோளாறை மறைத்துக் காலவரம்பைக் காப்பாற்ற முயல்வது, வழக்கின் ஒரே பலத்தைத் தாமே அழித்துக்கொள்வதாக முடியும்.

தாமதமும் ஆவணமும்

மறுப்பு மின்னஞ்சல் கிடைத்த பின் 19 மாதங்கள் வாசகர் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அவர் கடிதத்தில் காணப்படும் ஒரே பதில், ஷோரூம் மேலாளரிடம் "நேரில் பலமுறை கேட்டேன்" என்பது. நேரில் கேட்டது பதிவாகாது. பதிவாகாதது நுகர்வோர் ஆணையத்தின் முன் நிகழாததற்குச் சமமாகிவிடும் அபாயம் உண்டு. மீண்டும் மீண்டும் கடிதம் எழுதுவதோ வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதோ காலவரம்பை நீட்டிக்காது என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து வலியுறுத்தும் நிலை. அவ்வாறிருக்க, கடிதம்கூட எழுதாமல் காத்திருந்ததற்குத் தக்க காரணம் காட்டுவது எளிதன்று. முதல் முறை மெக்கானிக் வீட்டுக்கு வந்தபோது ஜாப் கார்டு கேட்டு வாங்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும். ஏழு லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு "நம்ம ஆளுதானே" என்ற நம்பிக்கையில் தாள் வாங்காமல் விடுவதும், சைரன் பொருத்திய கடையில் சில நூறு ரூபாய் வரியை மிச்சப்படுத்த பில் இல்லாமல் வாங்குவதும், பின்னர் வழக்கறிஞர் எவராலும் ஈடுசெய்ய இயலாத இழப்புகள். அந்தக் கடையின் பில் இருந்திருந்தால், வெளி ஒயரிங்கின் தேதியாவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கும்.

இருப்பினும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. முதல் நாள் அழைப்பின் தொலைபேசிப் பட்டியல், மெக்கானிக்குடன் பரிமாறிய வாட்ஸப் செய்திகள், வாடிக்கையாளர் சேவை மையம் அனுப்பிய புகார் எண் குறுஞ்செய்தி, சைரன் கடைக்குப் பணம் அனுப்பிய யுபிஐ அல்லது வங்கிப் பதிவு ஆகியவற்றை உடனே திரட்ட வேண்டும். காரின் முழு சர்வீஸ் வரலாறு நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருக்கக்கூடும். அதை எழுத்தில் கேட்டும் தராவிட்டால், ஆவணங்களை முன்வைக்கக் கட்டளையிடுமாறு ஆணையத்தில் மனு செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கான உரிமையியல் நீதிமன்ற அதிகாரத்தை ஆணையத்துக்கு வழங்கியிருக்கிறது. செய்திகளும் படங்களும் உள்ள செல்போனை விற்கவோ அழிக்கவோ கூடாது. மின்னணுப் பதிவுகளுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு கோரும் சான்றிதழையும் இணைப்பது நல்லது.

காரை இப்போது எப்படி வைத்திருக்க வேண்டும்

இம்மொபிலைசரை வெளியில் எடுத்துவிடும் யோசனையை அறவே கைவிட வேண்டும். ஈசியூவின் நிரலை மாற்றிச் சாவிச் சோதனையையே நீக்கும் அவ்வேலை காரை ஓட வைக்கக்கூடும். ஆனால் குறைபாட்டின் தடயத்தை அழித்து, வாரண்டி மறுப்புக்குப் புதிய காரணம் தந்து, பின்னர் கார் திருடுபோனால், வாகனத்தைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுக்கவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடவும் இடமளிக்கும்.

எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறதா, சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா, பிடித்து ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறதா, சாவி விளக்கு மின்னுகிறதா, நிலையாக எரிகிறதா என்பவற்றைத் தேதி தெரியும்படி காணொளியாகப் பதிவு செய்யலாம். சாவிக் கொத்தில் உள்ள வேறு சில்லுச் சாவிகளையும் கனத்த உலோகத்தையும் விலக்கிவிட்டு முயன்று பார்க்கலாம். பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைக்கலாம். ரிமோட்டின் பட்டன் பேட்டரி தீர்ந்தாலும், சாவித் துளையில் திருப்பும் வகைச் சாவியின் சில்லு தனியே இயங்கும்; ஆகவே ரிமோட் வேலை செய்யாததை மட்டும் வைத்து இம்மொபிலைசர் பழுது என்று முடிவு கட்டலாகாது. பின்னர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மூலம் பிழைக் குறியீடுகளைப் படிக்கச் செய்து, அவற்றை அழிப்பதற்கு முன் அச்சிட்ட அறிக்கையைக் கையொப்பத்துடன் கோர வேண்டும்.

தொலைந்த சாவி குறித்துக் காவல் நிலையத்தில் மனு அளித்து, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீதைப் பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவசியம். திருட்டுக் கோரிக்கைகளில் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்குமாறு காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். தொலைந்த சாவியின் குறியீட்டை ஈசியூவிலிருந்து நீக்கச் சொல்லலாம். ஆயினும் ஆய்வு முடியும்முன் அதைச் செய்வது தகுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

எங்கே, எதைக் கோரலாம்

வாசகர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிப்பதால், திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே உரிய மன்றம். பொருளுக்குச் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை மாவட்ட ஆணையம் விசாரிக்கலாம். 5 முதல் 10 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். ஷோரூம், உற்பத்தி நிறுவனம் ஆகிய இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். கோளாறு பொருளிலா, பொருத்திய விதத்திலா, சேவையிலா என்பது முன்கூட்டியே உறுதியாகாத நிலையில் ஒன்றை விட்டுவிடுவது ஆபத்து.

புதிய கார் கோருவதை முதன்மைக் கோரிக்கையாக வைப்பது உசிதமன்று. மாருதி உத்யோக் நிறுவனம் தொடர்பான 2006-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது என்ற அளவில் வாரண்டி வரையறுக்கப்பட்டிருக்கும்போது முழு வாகனத்தையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஃபியட் இந்தியா நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சுதந்திரமான தொழில்நுட்ப வல்லுநர் வாகனத்தைப் பரிசோதித்து உற்பத்திக் குறைபாட்டைக் கண்டால் விலையைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழியை அதே நீதிமன்றம் காட்டியது. எனவே கட்டணமின்றிப் பாகங்களை மாற்றித் தருதல், கார் ஓடாத காலத்துக்கான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றை முதன்மையாகவும், வல்லுநர் அறிக்கை ஆதரித்தால் விலையைத் திருப்பித் தருவதை மாற்றாகவும் கோரலாம். பரிசோதனையின்றி முடிவெடுக்க இயலாத குறைபாடுகளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆம் பிரிவு இடமளிப்பதால், அதற்கான மனுவைப் புகாருடனேயே தாக்கல் செய்ய வேண்டும்.

இதே சட்டத்தின் பொருள்சார் பொறுப்பு அத்தியாயம் வாசகருக்குப் பயன்படாது. அங்கு கூறப்படும் தீங்கு என்பது பொருளுக்கே நேர்ந்த சேதத்தை உள்ளடக்காது. காவல் நிலையத்தில் மோசடிப் புகார் அளிப்பதும் பொருந்தாது: வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்குச் சான்று இல்லாத நிலையில், வாரண்டியை மறுப்பது ஒப்பந்தம், சேவை சார்ந்த தகராறே அன்றிக் குற்றமன்று.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவது சமரசத்துக்கு உதவலாம். ஆனால் அது ஆணையத்தில் தாக்கல் செய்யப்படும் புகாருக்கு ஈடாகாது, அதன் முடிவுக்காகக் காத்திருப்பது மேலும் தாமதத்தையே சேர்க்கும். மேலே கூறியவை கடிதத்தில் தரப்பட்ட செய்திகளை மட்டும் கொண்ட பொதுக் கருத்துகள்; வாரண்டிப் புத்தகத்தின் சொற்களையும் மறுப்பு மின்னஞ்சலையும் பார்க்காமல் உறுதியான முடிவு கூற இயலாது. வாசகர் வாரண்டிப் புத்தகம், விலைப் பட்டியல், பதிவுச் சான்று, காப்பீட்டுப் பாலிசி, இரண்டு ஜாப் கார்டுகள், மின்னஞ்சலின் அச்சு, எஞ்சியுள்ள சாவி ஆகியவற்றுடன், ஐந்து மாதம் இருக்கிறது என்று எண்ணியிராமல், இந்த வாரத்துக்குள் நுகர்வோர் வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் ஒருவரை நேரில் கலந்தாலோசிக்க வேண்டும்.