கேமைப் பதிவு செய்ய: கரண்ட் போனாலும் கோப்பு நிற்க வேண்டும்

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் கணினியிலேயே கேமையும் பதிவு செய்ய நினைப்பவர், மென்பொருளின் வசதிப் பட்டியலுக்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பாதியில் கரண்ட் போனால் பதிவு மிஞ்சுமா? மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிதழில் வந்துவிடும். கோடை மழையோடு வருவதற்கு அறிவிப்பு ஏது? சாதாரண எம்பி4 கோப்பு, தன் உள்ளடக்க அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் நின்றால் ஒரு மணி நேர ஆட்டமும் திறக்காது. எம்கேவி அப்படியல்ல, கரண்ட் போகும்வரை பதிந்தது அநேகமாக அப்படியே இருக்கும். இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் இதைத் தேர்ந்தெடுக்கலாம். பாண்டிகாமின் இலவசப் பதிப்போ பத்து நிமிடத்தில் நின்றுவிடும், வாட்டர்மார்க் வேறு.

யூபிஎஸ் இருக்கிறதே என்பார்கள். அது கணினியை ஒழுங்காக அணைக்கச் சில நிமிடம் தரும், அவ்வளவுதான். சில எடிட்டிங் மென்பொருள்கள் எம்கேவியை ஏற்காது என்பது நியாயமான குறை. ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள ‘ரீமக்ஸ்’ தரம் குறையாமல் எம்பி4 ஆக்கித் தரும். பழைய கணினியில் ஆட்டம் திக்கினால், என்கோடரை எக்ஸ்264-இலிருந்து இன்டெல் குவிக் சிங்க் அல்லது என்விடியா என்வென்க்குக்கு மாற்றுங்கள். பிராசஸரின் பாரம் குறையும். 6000 கேபிபிஎஸ் வேகத்தில் பதிவு மணிக்குச் சுமார் 2.7 ஜிபி பிடிக்கும். காலண்டர் கோப்புகள் உள்ள டிரைவில் அதைச் சேமிக்காதீர்கள்.