ஒரு செக்கனை எத்தனை கூறாக்கலாம்?

கண் இமைக்கும் நேரம் என்கிறோம். விஞ்ஞானிகளுக்கு அது நெடுங்காலம். ஒரு செக்கனை நூறு கோடித் துண்டுகளாக்கி, அதில் ஒரு துண்டை மீண்டும் நூறு கோடியாகப் பிரித்தால் கிடைப்பதே ஓர் அட்டோசெக்கன். பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதன் செக்கன்களையெல்லாம் எண்ணினாலும், ஒரே செக்கனுக்குள் அடங்கும் அட்டோசெக்கன்களில் பாதிக்குக்கூட வராது. செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடும் ஒளி, இந்தப் பொழுதில் ஒரு நீர் மூலக்கூற்றின் அகலத்தையே கடக்கிறது.

இதை அளந்து யாருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கதிர்ச் சிகிச்சைக்காக மகரகமவுக்குப் போய்வந்த ஒருவராவது நம் உறவினரில், அயலவரில் இருப்பார். நமது உடலில் பெரும்பகுதி நீர். ஆகவே கதிர் பெரும்பாலும் தாக்குவது நீரையே. தாக்கப்பட்ட மூலக்கூற்றிலிருந்து ஓர் இலத்திரன் பறிக்கப்படுகிறது. எஞ்சியது நிலைகுலைந்து, வீரியமான துணுக்குகளாக மாறிக் கலத்தின் டீ.என்.ஏ.யைத் தாக்குகிறது. புற்றுநோய்க் கலங்கள் அழிவதில் இதற்குப் பெரும் பங்குண்டு. பக்கத்திலுள்ள நல்ல கலங்கள் துன்புறுவதும் இதனாலேயே. இந்தத் தொடரின் முதற்படி அட்டோசெக்கன் கணக்கில் முடிந்துவிடுகிறது.

எக்ஸ் கதிரால் மூலக்கூறுகளைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1954 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜீ. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், நமது தோலுக்கும் தசைநாணுக்கும் வலுத் தரும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரி திரித்த கயிறு போன்றது என்று எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து கண்டு சொன்னார்கள். (நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர்களின் பெயர் தெரியும்?) சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009 இல் நொபெல் பரிசு பெற்றதும் எக்ஸ் கதிரால் ரைபோசோமின் அமைப்பை அறிந்ததற்கே. ஆயினும் அவை அசையாத படங்கள்.

அசைவைப் பிடிக்க வேறு விளக்கு வேண்டும். அதுவே சுயாதீன இலத்திரன் லேசர். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள இத்தகைய இயந்திரம் 2009 இல் இயங்கத் தொடங்கியது. அங்கே ஒளியின் வேகத்தை நெருங்கிய இலத்திரன்கள், வடமுனையும் தென்முனையும் மாறி மாறி அடுக்கிய காந்த வரிசையினூடே பாம்பு போல நெளிந்து ஓடுகின்றன. நெளியும்போது எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. முதலில் அவரவர் விருப்பப்படி பாடும் கூட்டம் போல. பிறகு தாமே உமிழ்ந்த ஒளியால் அணி வகுக்கப்பட்டு, ஒரே தாளத்தில் பாடும் பாடகர் குழுவாகின்றன. அப்போது ஒளியின் வலிமை பன்மடங்கு பெருகுகிறது. அட்டோசெக்கன் ஒளித்துடிப்புகளுக்கான 2023 ஆம் ஆண்டு நொபெல் பரிசு அகோஸ்தினி, கிரவுஸ், லூயிலியே ஆகிய மூவருக்குக் கிடைத்தது. அவர்கள் வழி வேறு. ஆய்வுகூட மேசை லேசர்களால் வந்தது. ஸ்டான்போர்டிலோ எக்ஸ் கதிரிலேயே, அதுவும் மிகுந்த வலிமையோடு, அத்தகைய துடிப்புகளை உண்டாக்கினார்கள்.

2024 பெப்ரவரியில் வெளியான ஆய்வே நமக்கு முக்கியம். ஆர்கொன் தேசிய ஆய்வுகூடத்தின் லிண்டா யங் குழுவினர், மெல்லிய தாளாக ஓடவிட்ட நீரின்மேல் இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்துப் பாய்ச்சினார்கள். முதலாவது இலத்திரனைப் பறித்தது. இரண்டாவது, அணுக்கள் இடம்பெயருமுன் நிலைமையைப் பார்த்து வந்தது. இதனால் ஒரு பழைய வழக்கும் தீர்ந்தது. முந்திய எக்ஸ் கதிர்ச் சோதனைகளில் நீர் தந்த ஒரு சைகை இரண்டாகப் பிளந்து தெரிந்தது. நீருக்குள் இருவகை அமைப்பு கலந்திருக்கிறது என்று சிலர் வாதிட்டனர். இல்லை, பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் ஐதரசன் அணுக்கள் நகர்ந்ததால் வந்த தோற்றம் அது என்றது புதிய ஆய்வு. ஓடுகிற பிள்ளையைப் படம் பிடித்தால் முகம் இரண்டாகத் தெரிவதில்லையா?

இது நாளைக்கே நோயாளியின் கட்டிலுக்கு வரும் சிகிச்சையன்று. அப்படிச் சொல்வோரை நம்ப வேண்டாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறு. ஸ்டான்போர்டின் முதல் இயந்திரம் செக்கனுக்கு 120 துடிப்புகளையே தந்தது. 2023 செப்டெம்பரில் ஒளிரத் தொடங்கிய புதிய இயந்திரம் 10 இலட்சம் வரை தரக்கூடியதாக அமைக்கப்பட்டது. இலத்திரன் போன பின் அந்த நீர் மூலக்கூற்றுக்கு அடுத்தடுத்து என்ன நேர்கிறது என்பதை இனிப் படிப்படியாகத் தொடரலாம்.