ஏழு இரவுச் சாப்பாடு: செஞ்சிக் குடும்பத்துக்கு எந்தத் திட்டம் ஒத்துவரும்?

செஞ்சியில் அடுப்படியின் வாரம் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. அன்றுதான் வாரச்சந்தை. இருட்டு விலகும் முன்பே ஆட்டு வியாபாரம் களைகட்டிவிடும். தீபாவளிக்கோ பக்ரீத்துக்கோ முந்தைய வெள்ளி என்றால் வெளியூர் வண்டிகளும் வந்து வரிசையில் நிற்கும். வாரத்துக்கான காய்கறியைப் பையில் நிரப்புகிறவர்களுக்கும் அதே நாள்தான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் எழுதி, திங்கள் முதல் சமைக்கச் சொல்லும் பெருநகரத்துக் குறிப்புகள் இங்கே உதவாமல் போவது இதனால்தான். ஞாயிறன்று பட்டியல் போட்டால், வெள்ளி வாங்கிய கத்திரிக்காய் அதற்குள் வாடத் தொடங்கியிருக்கும்.

இரவுச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பகலில் வீடு கலைந்து கிடக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஏறுகிறவர்கள் டப்பாவில் கட்டிக்கொண்டு போகிறார்கள். அரசுப் பள்ளியில் தொடக்க வகுப்புப் பிள்ளைகள் காலையும் மதியமும் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடுகிற வேளை இரவு ஒன்றுதான். பல வீடுகளில் யோசிக்காமல் முடிகிற வேளையும் அதுதான். மீந்த சோறு, கடை மாவு, பரோட்டாப் பொட்டலம் என்று போய்விடுகிறது.

எந்தத் திட்டமானாலும் அளவு தெரியாமல் போடக் கூடாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கான தட்டு இது: தானியம் 250 கிராம், கீரை உட்பட காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இதோடு பழமும் பாலும். இரவுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்து, ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏழு நாளுக்குப் பெருக்கினால் தானியம் ஏறத்தாழ 3 கிலோ, காய்கறி நாலரைக் கிலோ, பருப்பு ஒரு கிலோ, எண்ணெய் 350 மில்லி, மல்லாட்டை (நிலக்கடலை) போன்றவை 400 கிராம் வரும். சின்னப் பிள்ளைக்குக் குறையும், வயலில் வேலை செய்கிறவருக்குக் கூடும். ஆனால் பை எவ்வளவு கனக்க வேண்டும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

இந்தக் கணக்கில் என்னை உறுத்துவது பருப்பு. ரேஷனில் துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேலே சொன்ன அளவில் சமைத்தால் அந்த ஒரு கிலோ ஒரு வார இரவுக்கே சரியாகிவிடும். மீதி மூன்று வாரமும் பல வீடுகளில் குழம்பு நீர்த்துப்போகிறது. அரிசி இலவசம் என்பதால் சோறு குறைவதில்லை. குறைவது பக்கத்தில் இருக்க வேண்டியதுதான். நல்ல வாரத் திட்டம் எது என்று கேட்டால், பருப்பையும் காயையும் ஏழாவது நாள் வரை கொண்டு சேர்ப்பதுதான் என்பேன். பாசிப்பருப்பு, காராமணி, மொச்சை, கொள்ளு, முட்டை, நம் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் விளைகிற மல்லாட்டை ஆகியவற்றுக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்கினால்தான் அது நடக்கும்.

திட்டம் போட மூன்று வழி இருக்கிறது.

முதலாவது கிழமைக் கணக்கு. திங்கள் என்றால் தோசை, புதன் என்றால் களி என்று நிலையாக எழுதி ஒட்டிவிடுவது. தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டுவது பள்ளிதான். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைவாரியாகப் பட்டியல் இருக்கிறது. மதியச் சத்துணவிலும் அப்படியே, பள்ளி நாளில் முட்டையும் உண்டு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு இந்த வழி பெரிய ஆறுதல். யார் முதலில் வீடு திரும்புகிறாரோ அவர் கேட்காமலே அடுப்பைப் பற்ற வைக்கலாம். குறையும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தக்காளிச் சட்னி என்று எழுதி ஒட்டிய வீடு என்ன செய்யும்? ஆகவே ‘சட்னி’ என்று மட்டும் எழுதுங்கள், எந்தச் சட்னி என்பதைச் சந்தை முடிவு செய்யட்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால் பள்ளிப் பட்டியலையும் வாங்கிப் பக்கத்தில் ஒட்டுங்கள். காலையில் உப்புமா சாப்பிட்ட பிள்ளைக்கு இரவும் உப்புமா வைப்பது பாவம்.

இரண்டாவது சந்தைக் கணக்கு. பட்டியல் இல்லாமல் போய், எது மலிவோ எது புதிதோ அதை வாங்கி வந்து, பிறகு சமையலை முடிவு செய்வது. நம் பாட்டிமார் செய்தது இதுதான். காசு குறைவாகச் செலவாகும், காயும் நன்றாக இருக்கும். ஆனால் காயைப் பார்த்ததும் குழம்பு தோன்றுகிற கைப்பழக்கம் வேண்டும். அது இல்லாத வீட்டில் மூன்று கிலோ கத்திரிக்காயும் ஒரு தீர்மானமும் இல்லாத புதன்கிழமையும்தான் மிஞ்சும்.

மூன்றாவது மாவுக் கணக்கு. இன்று பெரும்பாலான வீடுகள் அறிந்தோ அறியாமலோ இதில்தான் இருக்கின்றன. ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் போட்டு அரைத்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ மாவு வரும். ஐந்து பேர் ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சாப்பிடுவார்கள். ஆக, ஒரு தடவை அரைத்தால் மூன்று வேளை ஓடும். வேலை மிச்சம், செலவும் குறைவு. ஆனால் வாரம் முழுக்க இதையே நம்பினால் தட்டில் காய் காணாமல் போகும். வெறும் சட்னியோடு முடிந்துவிடும். இன்னொன்று, சித்திரை வைகாசியில் இந்தப் பாறை ஊரின் வெக்கையில் மாவு நாலைந்து மணி நேரத்தில் பொங்கி வழியும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டாம் நாளைத் தாண்டாது. அப்படிப்பட்ட வீடுகள் பாதியளவு அரைப்பதே மேல்.

என் தீர்ப்பு, மூன்றையும் கலப்பது. வகையைக் கிழமை சொல்லட்டும், காயைச் சந்தை சொல்லட்டும், மாவு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம்.

இந்தக் கலவை நிற்பதும் விழுவதும் காய்கறியை எந்த வரிசையில் சமைக்கிறோம் என்பதில்தான். வெள்ளியன்று வாங்கியதை விருப்பப்படி எடுத்துச் சமைத்தால் செவ்வாய்க்குள் பாதி அழுகிவிடும். கீரைக்கு ஒரு நாள்தான் ஆயுள். ‘ராத்திரியில் கீரையும் தயிரும் ஆகாது’ என்று சொல்லும் பெரியவர்கள் உள்ள வீட்டில் அதைச் சனிக்கிழமை மதியத்துக்கு விட்டுவிடுங்கள். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் முதல் இரண்டு நாளுக்குள் முடிய வேண்டும். முள்ளங்கி, கேரட், முட்டைகோஸ் நடு நாட்களுக்கு. பரங்கிக்காய், சேப்பங்கிழங்கு, சேனை, உருளைக்கிழங்கு எல்லாம் கடைசிக்கு. அதற்குப் பிறகும் ஒரு நாள் இடித்தால் சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், காராமணி, கருவாடு இருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் எந்த நாளும் கவலையில்லை.

சந்தைக்குக் காலையில் போவதா, சாயங்காலம் போவதா என்று கேட்பவர்கள் உண்டு. பொழுது சாயும்போது கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்பது உண்மை. கிழங்கும் பரங்கியும் அப்போது வாங்கலாம். வெண்டையும் கத்திரியும் காலையில் வாங்குவதுதான் லாபம், ஏனென்றால் கூறில் பாதி குப்பைக்குப் போனால் மலிவு என்பதற்கு அர்த்தமில்லை.

ஒரு மாதிரி வாரம் சொல்கிறேன். வெள்ளி, சந்தை நாள் அலைச்சல். குக்கரில் வெண்பொங்கல், புதுக் கத்திரிக்காயில் கொத்சு. சனி, சோறும் மிளகு ரசமும் வெண்டைக்காய் வதக்கலும் பருப்புத் துவையலும்; அன்றே மாவு அரைத்துவிட வேண்டும். வெள்ளி, சனியில் கவுச்சி சேர்க்காத வீடுகளுக்கு இரண்டும் தோதுப்படும். ஞாயிறு காலை இட்லி. மதியக் கறிக்குழம்பில் ஒரு பங்கை எடுத்து வைத்தால் இரவு இட்லிக்கு அதைவிட வேறு தொடுகறி வேண்டாம். கறி எடுக்காத வீட்டில் அந்த இடத்தில் மொச்சைக் குழம்பு. திங்கள், மீதி மாவில் தோசை, மல்லாட்டைச் சட்னி, முள்ளங்கி சாம்பார். செவ்வாய், சப்பாத்தியும் முட்டைகோஸ் கேரட் குருமாவும்.

புதன்கிழமையைக் கேழ்வரகுக்குக் கட்டாயம் விடுங்கள். களி கிண்டி, சேப்பங்கிழங்கு போட்ட புளிக்குழம்பு. கருவாடு சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கொதிக்க விடலாம். பிள்ளைகள் களியைத் தொடவில்லை என்றால் அதே மாவில் வெங்காயம், முருங்கைக்கீரை போட்டு அடை தட்டுங்கள். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை வளர்த்த தானியம் இது. சுண்ணாம்புச் சத்து அரிசியைவிடப் பல மடங்கு அதிகம். வாரத்தில் ஒரு இரவாவது அது தட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று விரும்புகிறேன். வியாழன், சோறும் பரங்கிக்காய் காராமணிக் குழம்பும் அவித்த முட்டையும். அதோடு பை காலியாகிவிடும்.

அமாவாசை வந்தால் வரிசை மாறும். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள் இரவு வீட்டிலேயே இருக்க மாட்டார்கள். அந்த நாளுக்குரிய சமையலைத் தூக்கி அடுத்த நாளில் போடுவது எளிது. புதிதாக ஒன்றை யோசிக்காதீர்கள்.

இதற்கான சந்தைப் பட்டியல்: கத்திரிக்காய் அரைக் கிலோ, வெண்டை முக்கால், முள்ளங்கி அரை, முட்டைகோஸ் முக்கால், கேரட் அரை, பரங்கி ஒரு கீற்று ஒரு கிலோ, சேப்பங்கிழங்கு அரை. கூட்டினால் அதே நாலரைக் கிலோ. வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, கறிவேப்பிலை இதற்கு மேல். மளிகையில் பாசிப்பருப்பு, காராமணி, உளுந்து, உடைத்த மல்லாட்டை, கேழ்வரகு மாவு, கோதுமை மாவு. முட்டை ஐந்து.

உலர் சாமான்களை வாரத்துக்கு வாரம் வாங்காதீர்கள். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி அடிவாரத்தில் நிற்கிற அந்த வளைவுக் கூரைக் களஞ்சியங்களைப் பார்த்திருப்பீர்கள். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை சூழ்ந்து நின்ற கோட்டை இது. தானியத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதன் அருமை தெரிந்தவர்கள் கட்டியவை அந்தக் களஞ்சியங்கள். நமக்கும் அதே பாடம் பொருந்தும்: அரிசி, பருப்பு, புளி, மிளகாய் மாதத்துக்கு, காய் வாரத்துக்கு, கொத்தமல்லியும் பாலும் அன்றன்றைக்கு. ரேஷன் அரிசி பொங்கலுக்கும் மாவுக்கும் நன்றாகவே ஆகும். தின்னும் சோற்றுக்கு வேறு அரிசி வேண்டும் என்கிறவர்கள் பளபளக்கும் பிராண்டு பையைத் தேட வேண்டியதில்லை. நெல் வரத்தில் தமிழ்நாட்டின் பெரிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. சுற்றிலும் விளைந்த நெல்லின் அரிசியை ஊர் ஆலையிலேயே விசாரித்து வாங்கலாம். எண்ணெய்க்கு ரேஷன் பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பது பலருக்குத் தவிர்க்க முடியாதது. முடிகிறவர்கள் பாதிக்காவது செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது என்று நேராகக் கேட்டால்: சமையல் கை தேறிய பெரியவர் வீட்டில் இருந்தால் சந்தைக் கணக்குப் போதும், அவரைப் பட்டியலால் கட்டிப்போட வேண்டாம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு மேலே சொன்ன கலவை. தனியாகத் தங்கிப் படிக்கிறவர்கள், வயதான இணை மட்டும் உள்ள வீடு என்றால் கால் கிலோ அரிசிக்கு மாவு, மூன்றே வகைக் காய், வாரத்தில் இரண்டு நாள் வெறும் ரசம் சோறு. அதற்கு மேல் வாங்கினால் வீண்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் சமைத்தவர் கடைசியில் சாப்பிடுகிறார். அவர் உட்காரும்போது குழம்பில் காய் இருப்பதில்லை, முட்டை தீர்ந்திருக்கும். நாலு பேருக்கு வாங்கி ஐந்து பேர் சாப்பிடும் கணக்கு பெரும்பாலும் அவர் தட்டில்தான் நேராகிறது. ஆகவே இந்த வெள்ளிக்கிழமை பட்டியல் எழுதும்போது, முட்டையோ பருப்போ காயோ, முதலில் அவருடைய பங்கை எழுதுங்கள். மற்றவர்களுக்கானதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளலாம்.